நான்காம் டிவிஷன் கால்கள், முதல் டிவிஷன் தலை

கால்பந்தாட்டம் என்றவுடன் பெலே, மரடோனா, மெஸ்ஸி ஆகிய பெயர்களே நம் நாவில் முதலில் வருகின்றன. பந்து அவர்கள் காலில் ஒட்டிக்கொண்டதுபோல் ஓடியது. அவர்களைப் பற்றி எழுதுவதும் எளிது. நாங்கள் இங்கு எழுதப் புகுவது, பந்து அப்படியெல்லாம் காலில் ஒட்டாத ஒருவரைப் பற்றி. ஜெர்மனியில் பதினோரு ஆண்டுக் காலம் இரண்டாம் டிவிஷனிலேயே ஆடி, முதல் டிவிஷனில் ஒரே ஓர் ஆட்டங்கூட ஆடாமல் நிறுத்திக்கொண்டவர் அவர். பெயர் யூர்கன் குளோப். தமக்குக் கால்கள் நான்காம் டிவிஷன், தலை முதல் டிவிஷன், இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் இரண்டாம் டிவிஷன் கிடைத்தது என்று அவரே தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் பின்னாளில் பயிற்சியாளராகி, ஜெர்மனியில் இரு முறையும் இங்கிலாந்தில் ஒரு முறையும் முதல் டிவிஷன் பட்டத்தை வென்று, 2019-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் தலைசிறந்த கோப்பையையும் கைப்பற்றினார். தாமே செய்ய முடியாத ஒன்றை ஒருவர் பிறருக்கு எப்படிக் கற்றுக்கொடுக்க முடியும் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. அதற்கு விடை தேடியதே இக்கட்டுரை.

முதலில் இந்த 'டிவிஷன்' என்பது என்னவென்று சொல்லிவிட வேண்டும். நம் பெற்றோர் காலத்தில் பரீட்சையில் 'செகண்ட் கிளாஸ்' என்று சொல்வார்களே, அதைப் போல ஒரு முறை வாங்கிவிட்டால் மாறாத ஒன்று அல்ல இது. ஜெர்மனியில் முதல் டிவிஷனுக்குப் புண்டஸ்லிகா என்று பெயர். அது 1963-இல் தொடங்கியது. இரண்டாம் டிவிஷன் 1974-இல் ஏற்பட்டது. இப்போது ஒவ்வொன்றிலும் 18 சங்கங்கள் உண்டு. ஒவ்வொரு சங்கமும் மற்ற 17 சங்கங்களுடன் தன் ஊரில் ஒரு முறையும் எதிரியின் ஊரில் ஒரு முறையும் ஆட வேண்டும். ஆக, ஆண்டுக்கு 34 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை. ஆண்டு முடிவில் இரண்டாம் டிவிஷனின் உச்சியில் நிற்கும் சங்கங்கள் மேலே ஏறும். முதல் டிவிஷனின் அடியில் கிடப்பவை கீழே இறங்கும். குளோப் மைன்ஸில் பயிற்சியாளராக இருந்த காலத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்கள் நேரே மேலே ஏறினார்கள். 2009-இலிருந்து மூன்றாம் இடத்தவர் முதல் டிவிஷனின் பதினாறாம் இடத்தவருடன் இரண்டு ஆட்டங்கள் ஆடி வென்றால்தான் ஏறலாம்.

ஏறுவதும் இறங்குவதும் வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. மேலே போனால் தொலைக்காட்சிப் பணம் பல மடங்கு வரும். கீழே விழுந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் வேறு சங்கங்களுக்குப் போய்விடுவார்கள். சங்கத்தில் வேலை செய்பவர்களின் பிழைப்பும் ஆட்டங்காணும். ஆகவே, மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே உள்ள ஒரு புள்ளி, சில வேளைகளில் ஒரே ஒரு கோல், ஓர் ஊரையே அழவைக்கக்கூடியது. அப்படி ஓர் ஊர் அழுத கதையைத்தான் கீழே சொல்லப் போகிறோம்.

குளோப் 1967-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது கருங்காடு எனப்படும் மலைப்பகுதியிலுள்ள கிளாட்டன் என்ற கிராமத்தில். இரண்டு அக்காமார்களுக்குப் பின் பிறந்த ஒரே பையன். தந்தை நார்பர்ட் ஊர் ஊராகச் செல்லும் விற்பனையாளர். இளமையில் கோல்காப்பாளராக ஆடியவர். மகனுக்குக் கால்பந்து, டென்னிஸ், பனிச்சறுக்கு மூன்றையும் அவரே கற்றுக்கொடுத்தார். மிகக் கண்டிப்பானவர். பனிமலையில் சறுக்கும்போது மகன் பின்னால் வருகிறானா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாராம். அந்தத் தந்தை 2000-ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்துபோனார். மகன் பயிற்சியாளரானதை அவர் பார்க்கவில்லை.

இளம் வயதில் குளோப் சிறிய சிறிய சங்கங்களில் ஆடிவந்தார். பகலில் பிரான்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படித்தார். மிக இளமையிலேயே குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது. ஆண் குழந்தைக்குத் தந்தையானார். செலவுக்குப் பணம் வேண்டுமே! திரையரங்குகளுக்கு அனுப்பும் படச்சுருள்களை வைக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போனார். அதிகாலையில் லாரிகள் வந்து நிற்கும். கனத்த உலோகப் பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும். 'பென்ஹர்' போன்ற நீண்ட படங்கள் என்றால் பெட்டிகளும் அதிகம். அவை வராமலிருக்க வேண்டிக்கொள்வாராம். நாங்கள் அந்தப் படத்தைத் தவக்காலத்தில் பார்த்தபோது ரதப் பந்தயத்தைத்தான் கவனித்தோம். அதைத் தூக்கிச் சுமந்தவர்களை யார் நினைத்தோம்?

1990-இல், இருபத்து மூன்றாம் வயதில், அவர் மைன்ஸ் நகரச் சங்கத்தில் சேர்ந்தார். அந்நகரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரைன் நதிக்கரையில் உள்ள பழைய கத்தோலிக்க நகரம் அது. ஜெர்மானியரின் அப்போஸ்தலர் எனப்படும் புனித போனிபாஸ் அங்கே பேராயராக இருந்தார். அச்சு இயந்திரத்தால் உலகை மாற்றிய கூட்டன்பெர்க் பிறந்ததும் அங்கேதான். பேராயர் வில்லிகிஸ் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கிய பேராலயம் இன்றும் நிற்கிறது. 1009-இல் அது அபிஷேகம் செய்யப்படும் நாளிலேயே தீப்பற்றி எரிந்துபோயிற்று என்பார்கள். வாசல்வரை வந்து கைவிட்டுப்போவது அந்த ஊருக்குப் புதிதன்று போலும்! இன்னொன்று, தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் விழாவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. சாம்பல் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை ஊரே வேடமணிந்து வீதியில் இறங்கிவிடும்.

கால்பந்துக்கு மட்டும் அவ்வூருக்குப் பெயரில்லை. 1905-இல் தொடங்கிய மைன்ஸ் சங்கம் ஒருபோதும் முதல் டிவிஷனைக் கண்டதில்லை. மற்ற ஊர் ரசிகர்கள் இவர்களைக் 'கார்னிவல் கோஷ்டி' என்று கேலி செய்வார்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளாமல், 'ஆமாம், நாங்கள் கார்னிவல் கோஷ்டிதான்' என்று அதையே தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள் மைன்ஸ் மக்கள். எங்களுக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளோப் அங்கே முதலில் முன்னணி ஆட்டக்காரர். உயரமானவர், வேகமாக ஓடுவார், தலையால் பந்தை முட்டுவதில் கெட்டிக்காரர். 1991-இல் எர்ஃபுர்ட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள் போட்டார். ஆனால் அப்படிப்பட்ட நாட்கள் அதிகமில்லை. பந்தைக் கட்டுப்படுத்தும் நயம் குறைவு. 1995-இல் அவரைப் பின்காவலுக்கு மாற்றினார்கள். மொத்தம் 325 ஆட்டங்கள், 52 கோல்கள். கணக்கு அவ்வளவே.

இங்கேதான் வொல்ஃப்காங் ஃபிராங்க் என்ற மனிதர் வருகிறார். குளோப்பை உலகம் அறியும். ஃபிராங்கை ஜெர்மனிக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலர். 1995-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் மைன்ஸ் சங்கத்தின் பயிற்சியாளரானார். சங்கம் அப்போது பட்டியலின் அடியில் கிடந்தது. அக்காலத்தில் ஜெர்மனியில் யாவரும் ஆடிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பின்காவலரும் எதிரணியின் ஒருவரை நிழல்போல் தொடர்வார். எல்லாருக்கும் பின்னால் 'லிபரோ' என்று ஒருவர் தனியாக நின்று, தப்பி வருவதைத் தடுப்பார். இந்த முறையில் ஒரு குறை உண்டு. எதிரி ஓடினால் நாமும் ஓட வேண்டும். அவன் இடப்பக்கம் இழுத்தால் நாமும் இடப்பக்கம் போவோம்; நாம் விட்டுவந்த இடம் காலியாகிவிடும். எதிரி நம்மைவிடத் திறமைசாலியாக இருந்துவிட்டால் கதை முடிந்தது.

ஃபிராங்க் இதைத் தூக்கி எறிந்தார். இத்தாலியில் மிலான் அணியின் பயிற்சியாளராக இருந்த அர்ரிகோ சாக்கியின் முறையை மைன்ஸுக்குக் கொண்டுவந்தார். அதன்படி, நால்வர் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஆளைப் பார்த்து அல்ல, பந்தைப் பார்த்து நகர்வார்கள். பந்து வலப்பக்கம் போனால் வரிசை முழுவதும் வலப்பக்கம் நகரும். ஒருவர் முன்னேறினால் பக்கத்திலிருப்பவர் அவர் இடத்தை மூடுவார். இடுப்பில் கயிறு கட்டி எல்லாரையும் பிணைத்திருப்பதாக எண்ணிக்கொண்டால் விளங்கும். எறிபந்து ஆடும் எங்களுக்கு இது உடனே புரிந்தது. பந்து வரும் பக்கம் எல்லாரும் ஓடிவிட்டால் மறுபக்கம் விழும். யாரும் நகராவிட்டாலும் விழும். எவ்வளவு நகர்வது என்பதில்தான் சூட்சுமம்.

இதைக் கற்பது எளிதாக இருக்கவில்லை. சாக்கியின் பயிற்சிகள் பதிவான ஒளிநாடாவை ஃபிராங்க் திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டினார். நூற்றுக்கணக்கான முறை பார்த்ததாகவும், அதைப்போல் அலுப்பூட்டும் படம் வேறில்லை என்றும் குளோப் சொல்லியிருக்கிறார். அதில் பரேசி, மால்டீனி போன்ற உலகப் புகழ் பெற்றவர்கள், பந்தே இல்லாமல், கழிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்கள். பிறகு மைதானத்துக்குப் போய் மைன்ஸ் ஆட்டக்காரர்களும் அப்படியே நடக்க வேண்டும். பதினொரு பெரிய ஆண்பிள்ளைகள் பந்தில்லாமல் அணிவகுத்து நடப்பதை நினைத்தாலே எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் பயன் தெரிந்தது. ஆண்டின் முற்பாதி முடிவில் கடைசி இடத்தில் இருந்த அணி, பிற்பாதியில் இரண்டாம் டிவிஷனிலேயே மிகச் சிறந்த அணியாக ஆடித் தப்பித்தது.

நாங்கள் படித்தவற்றிலேயே முக்கியமாகப் பட்டது இதுதான். அதுவரை குளோப்பும் தோழர்களும், நல்ல ஆட்டக்காரர்கள் உள்ள அணியே வெல்லும், தங்களைவிட நல்லவர்களிடம் தோற்பது விதி என்று எண்ணியிருந்தார்கள். ஃபிராங்க் வந்தபின், சேர்ந்து நகரக் கற்றுக்கொண்டால் தனித்தனியே சிறந்தவர்களையும் வெல்லலாம் என்பது அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பிறவித் திறமை உள்ளவருக்கு இந்த அறிவு அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது. கால் உதவாதபோதுதான் தலை வேலை செய்கிறது. குளோப் களத்தில் நின்றவாறே ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டமும் 1995-இல் கிடைத்துவிட்டது. ஃபிராங்கின் பாடத்தைப் படித்த அணி 1997-இல் மேலே ஏறும் நிலைக்கு வந்தும், கடைசி நாளில் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் 5-4 என்று தோற்று வாய்ப்பை இழந்தது. குளோப் அன்று பின்காவலர். ஐந்து கோல் வாங்கிய பின்காவலர் எப்படித் தூங்கியிருப்பாரோ!

ஃபிராங்க் போனபின் பயிற்சியாளர்கள் பலர் வந்து போனார்கள். 2001 பிப்ரவரியில் சங்கம் மூன்றாம் டிவிஷனுக்கு விழும் அபாயத்தில் இருந்தது. கார்னிவல் சமயம். நிர்வாகி கிறிஸ்டியன் ஹைடல், இருந்த பயிற்சியாளரை நீக்கிவிட்டார். ஆனால் ஃபிராங்கின் முறை தெரிந்த புதியவர் யாரும் கிடைக்கவில்லை. அம்முறை தெரிந்தவர்கள் அணிக்குள்ளேயே இருக்கிறார்களே என்று அவருக்குத் தோன்றியது. குளோப்பைக் கேட்டார். சில நாட்களுக்கு முன்புவரை கூட ஆடிய தோழர்களுக்கே முப்பத்து மூன்று வயதில் பயிற்சியாளராக இருக்க அவர் சம்மதித்தார். பத்திரிகையாளர்கள் இதைக் கார்னிவல் வேடிக்கை என்றே முதலில் எண்ணியிருந்தாலும் வியப்பில்லை.

அவருடைய முதல் ஆட்டம் 2001 பிப்ரவரி 28. அன்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலுடன் ஊர் கொண்டாட்டத்தை முடித்துக்கொண்ட அந்த நாளில், டூயிஸ்பர்க் அணியை மைன்ஸ் 1-0 என்று வென்றது. முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. கடைசி ஆட்டத்துக்கு முன்பே ஆபத்து நீங்கிவிட்டது. குளோப் அதற்குமேல் காலணி அணிந்து களமிறங்கவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

2002. ஆண்டு முழுவதும் மைன்ஸ் அற்புதமாக ஆடியது. கடைசி ஆட்டம் பெர்லினில், யூனியன் அணியுடன். சமநிலை போதும், மேலே ஏறிவிடலாம். 3-1 என்று தோற்றார்கள். 64 புள்ளிகள், பீலஃபெல்டுக்கும் போகுமுக்கும் 65. நான்காம் இடம்.

2003. மீண்டும் கடைசி நாள். மைன்ஸும் பிரான்க்ஃபர்ட்டும் புள்ளியில் சமம். யாருடைய கோல் வித்தியாசம் அதிகமோ அவர்களுக்கு மூன்றாம் இடம். மைன்ஸ் பிரவுன்ஷ்வைக் நகரில் 4-1 என்று வென்றுவிட்டது. தங்கள் ஆட்டம் முடிந்து, மேலே ஏறிவிட்டோம் என்று நினைத்து நின்றார்கள். பிரான்க்ஃபர்ட்டில் ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அங்கே 3-3 என்று இருந்த ஆட்டம், கடைசிச் சில நிமிடங்களில் 4-3, 5-3 ஆகி, தொண்ணூறு நிமிடமும் கடந்து கூடுதல் நேரத்தின் மூன்றாம் நிமிடத்தில் 6-3 ஆயிற்று. அந்த ஆறாவது கோல் மைன்ஸைக் கீழே தள்ளியது. இரு சங்கங்களுக்கும் 62 புள்ளி. பிரான்க்ஃபர்ட்டின் கோல் வித்தியாசம் 26. மைன்ஸின் வித்தியாசம் 25. ஒரு கோல்!

தோற்ற அணி ஊர் திரும்பியபோது யாராவது வரவேற்க வருவார்களா? ஆயிரக்கணக்கானோர் நகரச் சதுக்கத்தில் கூடியிருந்தார்கள். கூட்டன்பெர்க் பெயர் கொண்ட சதுக்கம் அது. குளோப் அவர்கள் முன் நின்று, இத்துடன் நிற்கப்போவதில்லை, மறுபடியும் முயல்வோம் என்று பேசினார். இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்துக் கடைசி நாளில் தோற்ற ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதே அந்தத் தொழிலின் வழக்கம். மைன்ஸ் நீக்கவில்லை. கோப்பைகள் எல்லாவற்றையும்விட அந்த மாலையே பெரிதென்று எங்களுக்குத் தோன்றுகிறது. தோற்றவரை எதிர்கொண்டழைக்க ஓர் ஊரே எழுந்து வருவது எங்கும் நடப்பதில்லை. பரீட்சை முடிவு வரும் நாளில் எங்கள் வாசலில் யார் நிற்பார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பெற்றோர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் அந்தப் பேச்சை இங்கே எழுதவில்லை.

2004 மே 23. மூன்றாம் முறையாகக் கடைசி நாள். இம்முறை ஆண்டு முழுவதும் மைன்ஸ் அப்படி ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை. கடைசி ஆட்டத்தில் டிரியர் அணியை 3-0 என்று வென்று, ஆகன் அணியின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ஆகன் கார்ல்ஸ்ரூஹேயில் தோற்றது. மைன்ஸுக்கு 54 புள்ளி, மூன்றாம் இடம், முதல் டிவிஷன்! 64 புள்ளி எடுத்து ஏற முடியாதவர்கள், 62 எடுத்து ஏற முடியாதவர்கள், 54 எடுத்து ஏறினார்கள். கணக்கு வாத்தியார் யாரும் இதற்கு விளக்கம் தர மாட்டார்.

மேலே போன முதல் இரண்டு ஆண்டும் பதினோராம் இடம். இருபதாயிரம் பேரே கொள்ளும் சிறிய மைதானத்தை வைத்துக்கொண்டு, நாட்டிலேயே குறைந்த செலவில் நடந்த சங்கங்களில் ஒன்றுக்கு இது நல்ல நிலையே. 2005-இல் ஒரு விநோதமும் நடந்தது. நன்னடத்தையுடன் ஆடும் சங்கங்களுக்கென ஐரோப்பியப் போட்டியில் இடம் ஒதுக்கும் வழக்கம் அப்போது உண்டு. நம் வகுப்பில் நன்னடத்தைப் பரிசு கொடுப்பார்களே, அதைப் போல. அந்த வழியில், சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்து, மைன்ஸ் யூயேஃபா கோப்பைப் போட்டிக்குப் போயிற்று. ஆர்மீனியா, ஐஸ்லாந்து நாட்டுச் சங்கங்களை வென்று, ஸ்பெயினின் செவில்லா அணியிடம் தோற்றது. செவில்லா அந்த ஆண்டு கோப்பையையே வென்றுவிட்டது. பதினோரு ஆண்டுகள் கழித்து 2016-இல் லிவர்பூலுடன் குளோப் ஓர் இறுதியாட்டத்தில் தோற்றதும் இதே செவில்லாவிடம்தான்.

2007-இல் மைன்ஸ் மறுபடியும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. குளோப்பை வேறு சங்கங்கள் விரும்பின. அவர் போகவில்லை, கூடவே இறங்கினார். 2008-இல் இரண்டு புள்ளியில் மேலேறும் வாய்ப்பு தவறியது. அதன்பிறகே, அழுதுகொண்டு விடைபெற்றார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் பதினெட்டு ஆண்டுகள் ஒரே சங்கம்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் அறிவார்கள், விரைந்து சொல்லிவிடுகிறோம். 13-ஆம் இடத்தில் முடித்திருந்த டார்ட்மண்ட் சங்கத்தை ஏற்று, 2011-லும் 2012-லும் ஜெர்மன் பட்டத்தை வென்றார். 2012-இல் ஜெர்மன் கோப்பையும் கிடைத்தது. இறுதியாட்டத்தில் பெரும் சங்கமான பயர்னை 5-2 என்று தோற்கடித்தார்கள். அங்கே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது 'எதிரழுத்தம்' எனத்தக்க ஆட்ட முறை. பந்தை இழந்தவுடன் எல்லாரும் பின்னோக்கி ஓடித் தற்காப்பதுதான் வழக்கம். இவருடைய அணியோ, இழந்த இடத்திலேயே, இழந்த அடுத்த நொடியே, இருவர் மூவராகப் பாய்ந்து பந்தைத் திரும்பப் பறிக்கும். பந்தைப் பறித்த எதிரி அந்த ஒரு நொடியில் தலை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டான்; அவனுடைய தோழர்கள் தாக்குதலுக்காகக் கலைந்து நிற்பார்கள். அப்போது பறித்தால் எதிரியின் கோலுக்கு வழி திறந்து கிடக்கும். ஆனால் ஒருவர் மட்டும் பாய்ந்தால் பயனில்லை, மற்றவர்கள் பின்னால் இடத்தை மூட வேண்டும். கூர்ந்து பார்த்தால் இது வொல்ஃப்காங் ஃபிராங்கின் கயிறேதான். குளோப் அதை எதிரியின் பக்கம் நகர்த்திக் கட்டினார், அவ்வளவே. ஃபிராங்க் 2013 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் டார்ட்மண்ட் ஐரோப்பிய இறுதியாட்டம்வரை போனதை அவர் பார்த்திருப்பார் என்று எண்ண எங்களுக்கு ஆசை.

அந்த இறுதியாட்டத்தில் தோல்வி. அதன்பின் 2014, 2015-இல் ஜெர்மன் கோப்பை இறுதியிலும் தோல்வி. 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்து, 2016-இல் இரண்டு, 2018-இல் ஒன்று. ஆக ஆறு இறுதியாட்டங்கள் வரிசையாகத் தோல்வி! 2019-இல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சலோனாவிடம் 3-0 என்று தோற்றபோது எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். ஒரு வாரத்தில் சொந்த ஊரில் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது லிவர்பூல். அந்த நான்காவது கோலில், மைதானத்தின் ஓரத்தில் பந்து எடுத்துப்போடும் ஒரு சிறுவனுக்கும் பங்குண்டு. அவன் சட்டென்று பந்தை உருட்டிவிட, எதிரிகள் திரும்பிப் பார்ப்பதற்குள் மூலையிலிருந்து உதைத்துவிட்டார்கள். ஜூன் 1-ஆம் தேதி மாட்ரிட் நகரில் டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று கோப்பை கிடைத்தது. அடுத்த ஆண்டு 99 புள்ளிகளுடன் இங்கிலாந்துப் பட்டம். லிவர்பூலுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்தது அது.

நல்லதையே எழுதினால் போதாது. களத்தின் ஓரத்தில் குளோப்பின் நடத்தை பல நேரம் நன்றாயிருந்ததில்லை. நடுவர்களை நோக்கிக் கத்துவார், பற்களைக் கடிப்பார். 2018 டிசம்பரில் எவர்டன் அணிக்கு எதிராகக் கடைசி நொடியில் கோல் விழுந்தவுடன் மைதானத்துக்குள்ளேயே ஓடிவிட்டார். 8,000 பவுன் அபராதம் கட்டினார். நன்னடத்தைப் பரிசில் ஐரோப்பா போனவர் செய்யக் கூடியதா இது? தாம் கிறிஸ்தவர் என்பதை வெளிப்படையாகச் சொல்பவர் அவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். கோபத்தோடு இன்னும் போராடுகிறார் போலும்.

இன்னொரு விஷயத்தையும் விடுவதற்கில்லை. மைன்ஸில் ஃபிராங்கிடமும் குளோப்பிடமும் ஆடியவர்களில் பலர் பின்னர் பயிற்சியாளர்களானார்கள். டார்ஸ்டன் லீபர்க்னெஷ்ட், பிரவுன்ஷ்வைக் சங்கத்தை முதல் டிவிஷனுக்கு ஏற்றினார். சாண்ட்ரோ ஷ்வார்ட்ஸ், டென்மார்க்கைச் சேர்ந்த போ ஸ்வென்சன் ஆகிய இருவரும் மைன்ஸுக்கே பயிற்சியாளராக வந்தார்கள். ஒருவரும் ஆட்டக்காரராக உலகப் புகழ் பெற்றவர் அல்லர். அலுப்பூட்டும் ஒளிநாடா வீண்போகவில்லை.

லிவர்பூலில் தமக்குச் சக்தி தீர்ந்துவருகிறது என்று 2024 ஜனவரியில் அறிவித்து, மே மாதம் விலகினார் குளோப். 2025 ஜனவரி முதல், ரெட் புல் என்ற பானக் கம்பெனி பல நாடுகளில் நடத்தும் கால்பந்துச் சங்கங்களுக்குத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இது ஜெர்மனியில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அங்கே பொதுவாக ஒரு சங்கத்தின் வாக்குரிமையில் பாதிக்குமேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. ஊர் மக்களே சங்கத்தின் சொந்தக்காரர்கள். ரெட் புல் கம்பெனியின் லைப்சிக் சங்கத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. விதியை மீறாமல் விதியின் கருத்தை மீறிவிட்டார்கள் என்பது பலருடைய குற்றச்சாட்டு. 2003-இல் சதுக்கத்தில் கூடி ஆறுதல் சொன்ன அதே மைன்ஸ் ரசிகர்கள், 2024 அக்டோபரில் லைப்சிக் அணி வந்தபோது குளோப்பைக் கண்டித்துப் பதாகைகள் பிடித்தார்கள். அவர் எங்கே வேலை செய்வது என்பது அவர் விருப்பம் என்று எங்களில் சிலர் சொல்கிறோம். அந்தச் சதுக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு என்று மற்றவர்கள் சொல்கிறோம். இந்த வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.